மணலிக்கு அப்பால் ஒரு மணல் மீன்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தைக்கும் முதன்முதலில் எந்த மீனைக் கொடுப்பது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களாக இருந்தால், பெரும்பாலும் ‘கிழங்கான்’ என்றுதான் விடை வரும். சதை மிருதுவானது, கொழுப்புக் குறைந்தது, நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டால் சின்னஞ்சிறு வாய்க்கும் அஞ்சாமல் ஊட்டலாம். இரண்டு மிளகு தட்டிப் போட்டு இளசாக ஓர் ஆணம் வைத்தால் நாக்குக் கசப்பவரும் இரண்டு பிடி சோறு கூட உண்பார். பனங்கிழங்கைப் போல முன்புறம் கூம்பி, மெலிந்து நீண்டு, வெள்ளி மினுக்குடன் தட்டில் கிடக்கும் அந்த மீனை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அது வாழும் இடத்தை அறிவீர்களா? அதைக் காட்டவே உங்களை வடசென்னைக்கு, அதிலும் குறிப்பாக மணலிக்கு அழைத்துச் செல்கிறேன்.

மணலிக்கா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. திருவொற்றியூரிலிருந்து மேற்கே திரும்பி, பக்கிங்காம் கால்வாயின் கரிய நீரைக் கடந்து மணலிக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பவை புகைபோக்கிகளும், உருண்டை உருண்டையான எண்ணெய்த் தொட்டிகளும், வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகளுமே. 1965ஆம் ஆண்டு ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ என்ற பெயரில் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் அமைந்தபோது, இந்திய அரசோடும் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் அதில் பங்குதாரராக இருந்தது. 1969இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்து உரத் தொழிற்சாலை வந்தது. அதனையடுத்து இரசாயனத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. நம் சமுதாயத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் இந்த ஆலைகளில் வேலை பெற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளின் எண்ணெய் வயல்களுக்குப் புறப்பட்டுச் சென்ற பிட்டர்களும் வெல்டர்களும் தொழில் பழகிய இடங்களில் மணலியும் ஒன்று. ஆகவே ஆலைகளைத் தூற்றுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. அவற்றின் மதிற்சுவர்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. ஊரைத் தாண்டி வடக்கே மணலி புதுநகர் வழியாகப் பொன்னேரி நெடுஞ்சாலையில் சென்றால் நாப்பாளையத்துக்கு அருகில் ஒரு பாலம் வரும். கீழே ஓடுவது கொசஸ்தலையாறு. சற்றேறக்குறைய 136 கிலோமீட்டர் ஓடிவரும் இந்த ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்து நீரைத்தான் சென்னைவாசிகள் பல தலைமுறைகளாகக் குடித்து வருகிறார்கள். ஆறு கிழக்கே திரும்பி, மணலியின் வடபுறத்தை நனைத்துக்கொண்டு, எண்ணூர் முகத்துவாரக் குப்பத்தருகே வங்கக் கடலில் கலக்கிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய், பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கி இதே இடத்தில் ஆற்றைச் சந்திக்கிறது. வடக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்பங்கழியும் வந்து சேருகிறது. ஆற்று நீர், கால்வாய் நீர், ஏரி நீர், கடல் நீர் ஆகிய நான்கும் ஓத ஏற்றத்திலும் வற்றத்திலும் முன்னும் பின்னும் அசைந்தாடும் இந்தப் பரப்பைத்தான் எண்ணூர்க் கழிமுகம் என்கிறோம்.

நம் கிழங்கானின் தாய்வீடு இத்தகைய கழிமுகங்களும் அவற்றை அடுத்த மணற்பாங்கான கரைக்கடலுமே ஆகும்.

இம்மீனுக்கு அறிவியலார் இட்ட பெயர் ‘சில்லாகோ சிஹாமா’ என்பது. இதில் வரும் ‘சிஹாமா’ கிரேக்கமுமன்று, இலத்தீனுமன்று. செங்கடற்கரை அரபு மீனவர்கள் இம்மீனை அழைத்த பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வரலாறு சுவையானது. 1761இல் டென்மார்க் அரசர் அரபு நாடுகளை ஆராய ஒரு குழுவை அனுப்பினார். அதில் தாவர, விலங்கியல் அறிஞராகச் சென்றவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் என்பவர். அவர் எமன் நாட்டுக் கடற்கரையில் மீனவர்களோடு பழகி, அவர்கள் சொன்ன பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மீன்களுக்குப் புதுப்பெயர் சூட்டும் உரிமை தமக்கிருந்தும், அந்த எளிய மக்கள் வழங்கிய பெயர்களையே பலவற்றுக்கு இட்டார். 1763இல் எமனிலேயே நோயுற்று மாண்டார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே மனிதரான கார்ஸ்டன் நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775இல் அச்சேற்றினார். இராயபுரத்து மீன் அங்காடியில் நீங்கள் கூறு வைத்து வாங்கும் மீனின் பெயரில் இப்படி ஓர் அரபுச் சொல் இருநூற்றைம்பது ஆண்டுகளாக உலகெங்கும் வழங்கி வருகிறது. செங்கடல் தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுவதும், ஜப்பான், ஆஸ்திரேலியா வரையிலும் பரந்து வாழும் மீனுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இனி இதன் வாழ்க்கையைக் காண்போம். ஒரு சாண் நீளமுள்ளதே சந்தைக்கு மிகுதியும் வரும். நன்கு வளர்ந்தால் ஓர் அடியளவை எட்டும். முதுகு மணலின் நிறம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு மணல் தெரியும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு ஒளி தெரியும். முகம் கூம்பு வடிவம். சிறிய வாய், குழல்போல் முன்னே நீளவல்லது. அந்த வாயை மணலுக்குள் செருகி, உள்ளே ஒளிந்திருக்கும் வளையப் புழுக்களையும், இறால் குஞ்சுகளையும், பொடி நண்டுகளையும் உறிஞ்சி எடுக்கும். அலை புரட்டிப்போடும் மணலோரத்தில் சிறு கூட்டங்களாகத் திரியும் இம்மீன்கள், அலையெழுப்பும் கலக்கத்தில் வெளிப்படும் இரையைப் பொறுக்குவதை எவரும் கரையில் நின்றே காணலாம்.

ஆபத்து வந்தால் என்ன செய்யும்? மற்ற மீன்கள் தப்பி ஓடும். கிழங்கானோ தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் புதைந்துகொள்ளும்! வலையை வளைத்து இழுத்துக்கொண்டு வரும் மீனவர், வலைக்குள் நிச்சயமாகக் கிழங்கான் இருக்கிறது என்று கண்ணால் கண்டபிறகும் வெறும் வலையோடு கரையேறுவதுண்டு. வலையின் அடிக்கயிறு, புதைந்து கிடக்கும் மீனுக்கு மேலாகப் போய்விட்டிருக்கும். அந்தக் கூம்பு முகமும் உருண்டையான உடலும் வாய்த்தது இந்த ஒரு கணத்துக்காகத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. இறைவனின் படைப்பில் வீண் என்று ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்று தேட மலையுச்சிக்குப் போக வேண்டியதில்லை. மீன் கழுவும் சட்டியே போதும்.

சட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. மீன் அரியும் சகோதரிகள் அடுத்த முறை கிழங்கானின் வயிற்றைத் திறக்கும்போது உள்ளே உள்ள காற்றுப்பையைச் சற்று கவனியுங்கள். மற்ற மீன்களில் பெரும்பாலும் சாதாரணமான பையாக இருக்கும் அது, இதில் முன்னும் பின்னும் கொம்புகள் நீண்டிருக்கக் காண்பீர்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் கிழங்கான் இனங்களை அறிஞர்கள் பிரித்தறிவது இந்தப் பையின் உருவத்தைக் கொண்டுதான்.

கிழங்கான் குஞ்சுகள் கழிமுகத்தின் ஆழமற்ற, அமைதியான நீரில் வளர்கின்றன. அங்கே உப்புக் குறைவு, இரை மிகுதி, பெரிய எதிரிகள் அரிது. வளர்ந்த பிறகே கடலோரத்துக்குப் பெயர்கின்றன. ஆகவே கழிமுகம் கெட்டால் கடலில் பிடிபடும் கிழங்கானும் குறையும். தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளை எங்கே என்று தேடுவதில் பயனில்லை.

ஆற்றடியில் கிழங்கான் தனித்து வாழவில்லை. அதன் அயலாரில் முதன்மையானது உளுவை. தட்டையான தலை, தலையின் உச்சியில் கண்கள், முன்னே துருத்திய கீழ்த்தாடை, மேனியெங்கும் கரும்புள்ளிகள்: அழகன் என்று சொல்ல முடியாது. வயிற்றின் கீழுள்ள இரண்டு துடுப்புகளும் ஒன்றாக இணைந்து கிண்ணம் போலிருக்கும். ஆற்றின் அடியில் கிடந்தபடியே அசையாமல் காத்திருந்து, அருகில் வரும் இறாலை ஒரே தாவலில் விழுங்கும். நன்னீர் ஏரியிலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும். உளுவைக் குடும்பத்தில் மற்றொரு சிறப்பும் உண்டு. பெண்மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, கல்லிலோ சிப்பியிலோ ஒட்டிக்கிடக்கும் அம்முட்டைகளை ஆண்மீனே பெரும்பாலும் காவல் காக்கும்; துடுப்பை விசிறி நீரோட்டம் உண்டாக்கும். பறங்கிப்பேட்டை, முத்துப்பேட்டை வாசகர்கள் அலையாத்திக் காடுகளின் சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீனைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இக்குடும்பத்து உறவினர்தான். கீழக்கரைப் பக்கத்துப் பவளப் பாறைகளில் இன்னொரு உறவினர் கண் மங்கிய ஓர் இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துகிறார். வளை தோண்டுவது இறாலின் வேலை. வாசலில் நின்று ஆபத்தை அறிவிப்பது மீனின் வேலை. வாடகை பற்றிய தகராறு அவர்களிடையே எழுவதில்லை!

இவற்றோடு நாக்குமீன், கெளுத்தி, நண்டு, வெள்ளிறால், மட்டி என்று ஒரு முழு மஹல்லாவே எண்ணூர் ஆற்றின் தரையில் இருந்தது. மேலே நீந்தும் மடவையும் கொடுவாயும் இந்தத் தரைவாசிகளை நம்பியே வாழ்ந்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்து மீன்பிடித்தனர். அந்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி வகுத்த ஏற்பாடு அது. வலையும் படகும் இல்லாத இருளர் குடும்பங்கள் மார்பளவு நீரில் இறங்கி, வெறுங்கையால் ஆற்றடியைத் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் ‘பறி’யில் இட்டு வருவர். பறியை வாயால் கவ்விக்கொண்டு இரு கைகளாலும் தரையைத் துழாவும் அந்தப் பெண்களைப் போல் ஆற்றின் அடியை அறிந்தவர் எவருமில்லை. ஆற்றின் தரையில் என்ன நேர்ந்தது என்பதை ஆய்வுக்கூடங்களுக்கு முன்னரே அறிந்தவை அவர்களுடைய விரல்கள்.

என்ன நேர்ந்தது?

முதலில் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆற்றின் வடபுறத்து வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, ஆற்றைக் கடந்து செல்லும் குழாய்கள் வழியே சேப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் துருப்பிடித்து உடைந்த இடங்களிலெல்லாம் சாம்பல் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் இறங்கியது. ஆள் ஆழம் இருந்த இடங்களில் இன்று முழங்கால் ஆழமே என்பது மீனவர்களின் கூற்று.

சாம்பல் மணலைப் போன்றதுதானே, மீனுக்கு என்ன இடையூறு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மணல் பருக்கைகளுக்கிடையே இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நீர் ஓடும், நீரோடு பிராணவாயு செல்லும், அதனால் ஒரு விரற்கடை ஆழத்திலும் புழுவும் பூச்சியும் உயிர் வாழும். சாம்பலோ மாவு போன்றது. அது அந்த இடைவெளிகளை அடைத்து மெழுகிவிடுகிறது. அரிசிச் சல்லடையில் ஈரமாவைக் கொட்டினால் என்னவாகும்? அதுதான் ஆற்றுத் தரைக்கும் நேர்கிறது. அடியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் புழுவில்லை, புழுவில்லாத இடத்தில் கிழங்கானுக்கு உணவில்லை. ஆபத்துக் காலத்தில் தலையைச் செருகிப் புதைந்துகொள்ளத் தூய மணலுமில்லை. போதாக்குறைக்கு அந்தச் சாம்பலில் ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய நச்சு உலோகங்களின் துகள்களும் உண்டு. அனல்மின் நிலையங்கள் இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வெளியேற்றும் வெந்நீர் ஒருபுறம். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும் என்பது பள்ளிப் பாடம்.

பின்னர் எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய கரிய எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் மாணவர்களும் தொண்டர்களும் வாளியால் அள்ளியதை நாளிதழ்களில் கண்டிருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய பெருமழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் பரவியது. படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள், அலையாத்திச் செடிகள் எல்லாம் கரியைப் பூசிக்கொண்டன. கூழைக்கடாப் பறவைகள் இறகெல்லாம் எண்ணெயாகப் பறக்க முடியாமல் தவித்தன. நீரின் மேல் மிதந்ததை அள்ளிவிட்டார்கள். ஆனால் வண்டலோடு கலந்து அடியில் அமர்ந்துவிடும் எண்ணெயை எந்த வாளியால் அள்ளுவது? மேலே நீந்தும் மீன் வேறிடம் தேடிப் போகும். தரையில் வாழும் மீனுக்கு அதுவே படுக்கை, அதுவே உணவுத்தட்டு.

இவ்வளவும் போதாதென்று, அண்மை ஆண்டுகளில் ஒரு விருந்தாளி வந்து சேர்ந்திருக்கிறது. மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கருநிறமான ஒரு சிறு சிப்பி. தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். இங்கே எப்படி வந்தது? சரக்கில்லாமல் புறப்படும் கப்பல், நிலைதடுமாறாதிருக்க ஒரு துறைமுகத்துக் கடல்நீரைத் தன் அடித்தொட்டியில் நிரப்பிக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் கொட்டிவிடும். அந்த நீரிலோ, கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டோ இத்தகைய உயிர்கள் உலகம் சுற்றுகின்றன. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒன்று எழுந்தது. சென்னைத் துறைமுகம் சற்றுத் தெற்கே இருக்கிறது. இந்தச் சிப்பி முன்னதாகக் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் கண்டறியப்பட்டு, பின்னர் எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் பெருகியது.

வந்த விருந்தாளி ஒருவராக இருந்தால் இடம் கொடுத்துவிடலாம். இவர் நூல்போன்ற இழைகளைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆற்றின் தரை முழுவதையும் பாய் விரித்தாற்போல் மூடிவிடுகிறார். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தாங்குவார். மண்ணுக்குள் புதைந்து வாழும் மஞ்சள் மட்டியும் இறாலும் இந்தப் பாயின் கீழே மூச்சடைத்துப் போகின்றன. மேலிருந்து மணலுக்குள் பாய வரும் கிழங்கானின் நிலையை எண்ணிப் பாருங்கள். நூறாயிரம் ஆண்டுகளாக அதற்குத் திறந்தே இருந்த கதவு, சிப்பி ஓட்டால் அறையப்பட்டுக் கிடக்கிறது. தடவி இறால் பிடிப்போரின் விரல்களை இச்சிப்பிகளின் கூரிய ஓரங்கள் கிழிக்கின்றன, வலைகளை அறுக்கின்றன. சிப்பிகளை வாரியெடுக்க வேண்டுமென்று மீனவர்கள் அரசிடம் முறையிட்டார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கிறது. என் கருத்தில், சாம்பலைவிடவும் எண்ணெயைவிடவும் கடினமான சிக்கல் இதுதான். குழாயை மாற்றிச் சாம்பலை நிறுத்தலாம். எண்ணெய்க் கசிவைத் தடுக்கலாம். குஞ்சு பொரித்துக் குடியேறிவிட்ட உயிரினத்தைத் திரும்ப அனுப்பக் கப்பல் இல்லை.

எண்ணூரின் துயரம் முற்றிலும் அறியப்படாதது என்றும் சொல்ல முடியாது. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கழிமுகத்தின் பெயரை இசையரங்குகளுக்கும் கொண்டு சென்றது. 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. உத்தரவுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள தூரம் நம் நாட்டில் எவ்வளவு என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். ‘அப்படியானால் கிழங்கானை வாங்கலாமா, கூடாதா?’ மீன் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் மார்க்கம் உணவில் கேட்பது ஹலாலை மட்டுமன்று, தய்யிப் என்னும் தூய்மையையும் கேட்கிறது. அந்தக் கேள்வியை மீன்காரரிடம் கேட்க நமக்கு உரிமையுண்டு.

காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் விற்கும் மீன் எல்லாம் எண்ணூர் ஆற்று மீன் அன்று. காசிமேட்டுக்கு வருவது பெரும்பாலும் வெளிக்கடல் மீன். கிழங்கான் பழவேற்காட்டிலிருந்தும், தெற்கே பாக் நீரிணைப் பக்கத்திலிருந்தும் வருவதுண்டு. ‘எந்தத் தண்ணீர் மீன்?’ என்று கேட்டுப் பழகுங்கள்; வழக்கமாக வாங்குபவருக்குப் பெரும்பாலும் உண்மையே சொல்வார்கள். நச்சு உலோகங்கள் மீனின் ஈரலிலும் செவுளிலும் குடலிலும் மிகுதியாகவும், சதையில் குறைவாகவும் தங்கும் என்பது பொதுவாக ஆய்வுகளில் காணப்படும் உண்மை. ஆகவே சிறு மீன்தானே என்று குடலோடும் செவுளோடும் சட்டியில் போடும் வழக்கத்தை விடுங்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒரே இடத்து மீனை நாள்தோறும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுப்பது நலம். சென்னை பாரதி மகளிர் கல்லூரி ஆய்வாளர்கள் எண்ணூர்க் கழிமுகத்து மடவை மீனையும், மாசு குறைந்த கோவளத்து மடவையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணூர் மீனின் உயிரணுக்களில் நச்சுத் தாக்கத்தின் அறிகுறிகள் மிகுந்திருப்பதை எழுதியிருக்கிறார்கள். மீனே நோயுற்றிருக்கிறது என்பது அதன் பொருள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கூடையோடு வாசலுக்கு வரும் எண்ணூர்ப் பெண்ணை ‘உன் மீன் வேண்டாம்’ என்று விரட்டிவிடாதீர்கள். அந்தப் பெண் இந்த ஆற்றில் சாம்பலைக் கொட்டவில்லை. இப்போது எண்ணூர் மீன் என்று சொன்னாலே வாங்க ஆளில்லை என்பதால் வேறு ஊர்ப் பெயர் சொல்லி விற்க வேண்டியிருக்கிறது என்று அங்குள்ளோர் வருந்துகிறார்கள். அந்த வீடுகளிலும் பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் கிழங்கானையே தேடுகிறார்கள். காசு கொடுத்துப் பழவேற்காட்டு மீன் வாங்கும் நிலையில் எல்லோரும் இல்லை. தம் ஆற்றில் பிடித்ததையே தம் குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் அடியில் நடப்பது யாருடைய தட்டில் முதலில் வந்து சேருகிறது என்பதை இதிலிருந்து நீங்களே அறியலாம்.

நேரில் காண விரும்புவோர் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். எண்ணூர் நிலையத்தைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்கு முன் ரயில் கழிமுகத்தைக் கடக்கும். வலப்பக்கத்துச் சன்னலோரம் அமர்வது நல்லது. ஓதம் வற்றிய நேரமாக இருந்தால், புகைபோக்கிகளின் நிழல் விழும் நீரில் மார்பளவு ஆழத்தில் சிலர் குனிந்தும் நிமிர்ந்தும் நகர்வதைக் காணலாம். ஆற்றின் நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். கரையோரத்தில் குவியலாகக் கருத்துக் கிடப்பவை கற்கள் அல்ல, காக்கா ஆழியின் ஓடுகள். முகத்துவாரத்துப் பக்கம் இன்னும் வெள்ளை மணல் இருக்கிறது. வலை வீசுவோர் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்களைக் கேட்டால், கிழங்கான் படும் இடமும் இப்போது அதுதான் என்பார்கள்.